கல்வராயன் மலையின் பாறைகளும் மண்ணும்

கல்வராயன் மலை என்பது தமிழ்நாட்டில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்துள்ள மலைத்தொடர் ஆகும். இது கல்ராயன் மலை என்றும் வழங்கப்படுகிறது. இதன் பெரும்பகுதி கள்ளக்குறிச்சி, சேலம் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. இம்மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட்டு எனப்படும் மிகப் பழமையான பாறையால் ஆனது. நிலத்தின் அடியாழத்தில் உருவான இப்பாறை, மேலே வந்து மழைநீரால் சிதைந்து மண்ணாகியுள்ளது. அம்மண் மலைமேல் ஒருவகையாகவும் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் வேறுவகையாகவும் இருப்பதற்கான காரணங்களை நிலவியல், சுற்றுச்சூழல் கனிமவியல், மண் வேதியியல் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்தே விளக்குகின்றன.

அமைவிடமும் நில அமைப்பும்

கல்வராயன் மலையின் பரப்பளவு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் ஆகும். இது வடக்கில் சின்னக் கல்வராயன், தெற்கில் பெரிய கல்வராயன் என இரு பிரிவுகளாகக் கொள்ளப்படுகிறது. சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் சுமார் 2,700 அடி. பெரிய கல்வராயனின் சராசரி உயரம் சுமார் 4,000 அடி. மலையின் மேற்பகுதி கூரிய சிகரங்களாக இல்லாமல், மேடுபள்ளமான சமவெளிகளாகப் பல இடங்களில் விரிந்துள்ளது. வெள்ளிமலை, கருமந்துறை போன்ற ஊர்கள் இத்தகைய மேட்டுச் சமவெளிகளில் அமைந்தவை.

மலையின் தெற்கே ஆத்தூர் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் வழியே வசிட்ட நதி கிழக்கு நோக்கிப் பாய்கிறது. மலையின் கிழக்குச் சரிவில் தோன்றும் கோமுகி ஆறும் மணிமுத்தா ஆறும் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு நீர் தருகின்றன. கோமுகி ஆற்றின் குறுக்கே கச்சிராயப்பாளையத்திற்கு அருகில் அணை கட்டப்பட்டுள்ளது. இவ்வாறுகள் வெள்ளாற்றுடன் கலந்து, பரங்கிப்பேட்டைக்கு அருகில் வங்கக் கடலை அடைகின்றன. வடபுறத்து ஓடைகள் தென்பெண்ணை ஆற்றைச் சேர்கின்றன. ஆகவே, மலையில் அரிக்கப்படும் மண்ணின் ஒரு பகுதி அணைகளில் தங்குகிறது. எஞ்சியது ஆற்றுப்படுகைகளையும் கடற்கரையையும் சென்றடைகிறது.

கள்ளக்குறிச்சி முன்பு தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 ஆம் ஆண்டு அது தனி மாவட்டமாக்கப்பட்டது. பழைய நிலவியல் அறிக்கைகளில் இம்மலை பற்றிய செய்திகள் "சேலம்", "தென்னார்க்காடு" என்னும் தலைப்புகளின் கீழ் இருப்பதற்கு இதுவே காரணம்.

பாறைகள்

தென்னிந்தியாவின் பெரும்பகுதி மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளால் ஆனது. கல்வராயன் மலை அமைந்துள்ள சேலம் வட்டாரப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் எனக் கதிரியக்க முறைகளால் கணிக்கப்பட்டுள்ளது. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். அதாவது, பூமியின் வரலாற்றில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை இப்பாறைகள் கடந்துள்ளன.

சார்னோக்கைட்டு கருநீலமும் பச்சையும் கலந்த நிறமுடையது. புதிதாக உடைத்த பரப்பில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்புக் காணப்படும். இதில் குவார்ட்சு, பெல்ட்சுபார், ஹைப்பர்ஸ்தீன் ஆகியவை முதன்மைக் கனிமங்கள். இவற்றுடன் மேக்னடைட்டு, பயோட்டைட்டு, கார்னெட்டு முதலியவையும் சிறிதளவு இருக்கலாம். ஹைப்பர்ஸ்தீன் என்பது இரும்பும் மக்னீசியமும் கொண்ட, நீர் சேராத சிலிக்கேட்டுக் கனிமம். இது இருப்பது அப்பாறை 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவானதைக் காட்டுகிறது. அத்தகைய சூழல் பொதுவாக நிலத்தின் அடியில் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலேயே உண்டு. ஆகவே, இன்று கல்வராயன் மலையில் நடப்பவரின் காலடியில் இருப்பது ஒரு காலத்தில் நிலவோட்டின் அடிப்பகுதியாக இருந்ததாகும். மேலிருந்த பல கிலோமீட்டர் தடிப்புள்ள பாறை நெடுங்காலமாக அரிக்கப்பட்டுப் போயிற்று.

சமவெளியில் பட்டைபட்டையாகத் தோன்றும் நைசு என்னும் பாறை மிகுதி. ஹார்ன்பிளெண்டு, பயோட்டைட்டு போன்ற, நீர்க்கூறு சேர்ந்த கனிமங்கள் இதில் உள்ளன. சார்னோக்கைட்டு திண்மை மிக்கது. பட்டையமைப்பும் வெடிப்புகளும் கொண்ட நைசு எளிதில் சிதையக்கூடியது. சேலம் வட்டாரத்தில் மலைகள் பலவும் சார்னோக்கைட்டாலும், அவற்றைச் சுற்றியுள்ள தாழ்நிலம் நைசாலும் அமைந்திருப்பதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணமாகும். தெற்கே உள்ள ஆத்தூர் பள்ளத்தாக்கு, சேலம்-ஆத்தூர் நறுக்கு மண்டலம் எனப்படும் நிலவோட்டு உடைவை ஒட்டி அமைந்தது. அங்குப் பாறைகள் நசுங்கி நொறுங்கியதால் ஆறு எளிதாக வழி அறுத்துக்கொண்டது.

ஆய்வு வரலாறு

இப்பகுதியின் முறையான நிலவியல் ஆய்வு 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் பூட் ஆகியோர் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நில அமைப்பைப் பற்றி எழுதிய நூல் 1864 இல் வெளியானது. கஞ்சமலை, தீர்த்தமலை, கோதுமலை முதலிய சேலம் இரும்புத்தாதுப் படிவுகளை வகைப்படுத்தியதும் இந்நூலே. பூட் 1863 இல் சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் ஆவார்.

சார்னோக்கைட்டு என்னும் பெயரை வழங்கியவர் தாமஸ் ஹென்றி ஹாலந்து (1868-1947). கல்கத்தா நகருடன் தொடர்புடைய ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதிக்கப்பட்டிருந்த கல்லை இவர் ஆராய்ந்தார். அது சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலைப் பகுதியின் பாறையை ஒத்திருந்தது. 1893 இல் வெளியிட்ட கட்டுரையில் அப்பாறைக்குச் சார்னோக்கின் பெயரையே சூட்டினார். 1900 இல் தென்னிந்தியாவில் பரவியுள்ள இவ்வினப் பாறைகள் அனைத்தையும் "சார்னோக்கைட்டுத் தொகுதி" என ஒரு பெரிய ஆய்வுநூலில் விவரித்தார். ஹாலந்து பின்னர் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும், இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவராகவும், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முதல்வராகவும் பணியாற்றினார்.

இப்பாறை உருகிய குழம்பிலிருந்து நேரடியாக உறைந்ததா, அன்றி வேறு பாறை உருமாறியதால் உண்டானதா என்னும் கேள்வி நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அது தீப்பாறையே என்பது ஹாலந்தின் கருத்து. 1955 இல் இராபர்ட் ஹௌவி சென்னைப் பகுதிச் சார்னோக்கைட்டுகளையும் அவற்றின் கனிமங்களையும் வேதியியல் முறையில் பகுத்தாய்ந்தார். முதலில் தீப்பாறையாக இருந்தவை பின்னர் ஆழத்தில் திண்ம நிலையிலேயே மீண்டும் படிகமாயின என்பது அவரது முடிவு. 1959 இல் இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ. பி. சுப்பிரமணியம், சென்னைப் பாறைகளை மறு ஆய்வு செய்து, ஹாலந்து ஒரே தொகுதியில் சேர்த்த பாறைகளுள் சில வேறு தோற்றம் உடையவை என வாதிட்டார். களத்தில் பார்த்துத் தீராத கேள்வி, கனிமங்களின் வேதியியலுக்குள் கொண்டுசெல்லப்பட்டதற்கு இவ்விவாதம் ஓர் எடுத்துக்காட்டு.

இத்துறையில் குறிப்பிடத்தக்க தமிழர் மகாராசபுரம் சீதாராம கிருஷ்ணன் (1898-1970). தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த இவர் திருச்சிராப்பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். 1924 இல் இந்திய நிலவியல் ஆய்வகத்தில் சேர்ந்து, 1951 இல் அதன் முதல் இந்திய இயக்குநரானார். 1943 இல் வெளிவந்த இவரது இந்திய, பர்மிய நிலவியல் பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டு, நிலவியல் மாணவர்களுக்குப் பல தலைமுறைகளாகப் பாடநூலாக இருந்து வருகிறது. 1970 இல் இவருக்குப் பத்மபூசண் விருது வழங்கப்பட்டது.

பாறை மண்ணாகும் விதம்

ஆழத்தில் உருவான கனிமங்கள் நிலப்பரப்பின் குளிர்ந்த, ஈரமான சூழலில் நிலையற்றவை. எனவே அவை நீருடனும் காற்றுடனும் வினைபுரிந்து புதிய கனிமங்களாக மாறுகின்றன. இது வேதியியல் சிதைவு எனப்படும்.

முதலில் பாறை குளிர்ந்தும் அழுத்தம் நீங்கியும் வெடிக்கிறது. வெடிப்புகளின் வழியே மழைநீர் இறங்குகிறது. மழைநீரில் காற்றிலிருந்தும், மட்கும் இலைகளிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அது வலுக்குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. இவ்வமிலம் பாறைக் கட்டிகளை மூலைகளில் மிகுதியாகத் தாக்குவதால் கட்டிகள் உருண்டையாகின்றன. மலைப்பாதைகளை வெட்டிய இடங்களில், வெங்காயத் தோல் போல் அடுக்கடுக்காக உரியும் உருண்டைக் கற்களைச் சுற்றிச் செம்மண் இருப்பதைக் காணலாம்.

எல்லாக் கனிமங்களும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. உருகிய குழம்பில் மிக உயர்ந்த வெப்பத்தில் முதலில் படிகமாகும் கனிமங்களே நிலப்பரப்பில் விரைவாகச் சிதைகின்றன என்பதை 1938 இல் சாமுவேல் கோல்டிச் வரிசைப்படுத்திக் காட்டினார். சார்னோக்கைட்டில் அவ்வரிசை பின்வருமாறு அமைகிறது:

ஹைப்பர்ஸ்தீன்: முதலில் சிதைகிறது. மக்னீசியம் நீருடன் வெளியேறுகிறது. இரும்பு ஆக்சிசனுடன் சேர்ந்து ஹேமடைட்டு, கோதைட்டு ஆகிய இரும்புக் கனிமங்களாகிறது. செம்மண்ணின் சிவப்பும் மஞ்சளும் இவற்றால் வருவனவே.

பெல்ட்சுபார்: அடுத்ததாகச் சிதைகிறது. சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சிலிக்காவின் ஒரு பகுதியையும் இழந்து களிமண் கனிமமாக மாறுகிறது.

குவார்ட்சு: மிக மெதுவாகவே கரைகிறது. மண்ணில் மணலாக எஞ்சுகிறது.

ஆகவே, செம்மண்ணில் உள்ள மணலும் களியும் சிவப்பு நிறமும் முறையே ஒரே பாறையின் மூன்று கனிமங்களிலிருந்து வந்தவை எனக் கொள்ளலாம்.

மலை மண்ணும் சமவெளி மண்ணும்

தாய்ப்பாறைகளின் வேதியியல் கூறுகள் பெரிதும் ஒத்திருந்தாலும், நீர் எவ்வாறு வடிகிறது என்பதைப் பொறுத்து மண் வேறுபடுகிறது.

மலைமேல் மழைநீர் மண்ணின் வழியே இறங்கி விரைவாக வெளியேறுகிறது. கரையும் உப்புகளும் சிலிக்காவும் அதனுடன் போய்விடுகின்றன. எஞ்சும் அலுமினியமும் சிறிதளவு சிலிக்காவும் சேர்ந்து கயோலினைட்டு என்னும் களிமண் கனிமத்தை உண்டாக்குகின்றன. இந்நிலை இன்னும் முற்றினால் சிலிக்கா முழுவதும் நீங்கி, அலுமினிய ஐதராக்சைட்டு மட்டும் மிஞ்சும். அருகிலுள்ள சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றின் உச்சிகளில் சார்னோக்கைட்டின் மேல் பாக்சைட்டு உருவானது இவ்வாறே ஆகும்.

சமவெளியில் நிலை வேறு. மேட்டிலிருந்து கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் தாழ்ந்த இடங்களில் தங்குகின்றன. கோடையில் நீர் ஆவியாக, அவை மண்ணிலேயே செறிவடைகின்றன. அங்கு உருவாகும் களிமண் கனிமம் ஸ்மெக்டைட்டு. இது நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கரிசல் மண்ணின் இயல்பு இதுவே. மிகையான கால்சியம், கார்பனேட்டாகப் படிந்து மண்ணினுள் சுக்கான்கல் முடிச்சுகளாகக் காணப்படுகிறது. மலையில் தொலைந்த சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதி சமவெளியின் சுக்கான்கல்லாக இருக்கிறது எனலாம்.

மண் வேதியியலும் வேளாண்மையும்

மண் வளத்தை அளக்கும் முக்கிய அளவுகளுள் ஒன்று நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன். களிமண் துகள்களின் பரப்பில் உள்ள எதிர்மின்னூட்டம் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகிய ஊட்டங்களைப் பிடித்து வைத்து, வேர்களுக்குச் சிறிது சிறிதாகத் தருகிறது. 100 கிராம் கயோலினைட்டின் பரிமாற்றத் திறன் சுமார் 3 முதல் 15 மில்லிச்சமானம் மட்டுமே. ஸ்மெக்டைட்டுக்கு இது 80 முதல் 120 வரை இருக்கும். எனவே, ஒரே அளவு உரம் இட்டாலும் மலையின் செம்மண் அதில் குறைவான பகுதியையே பிடித்து வைக்கும். எஞ்சியது மழையில் கழுவப்படும்.

இக்குறையை ஈடுசெய்வது மட்கு ஆகும். இலைதழைகள் மட்கி உண்டாகும் கரிமப்பொருளின் பரிமாற்றத் திறன் களிமண் கனிமங்கள் பலவற்றையும் விட மிகுதி. ஆகவே, மலை மண்ணின் வளம் பெரும்பாலும் அதன் மேல் சில அங்குலத் தடிப்பிலேயே தங்கியுள்ளது. காடு அழிந்தபின் வெயிலில் மட்கு விரைவாகச் சிதைவதால், முதல் சில ஆண்டுகள் நன்கு விளையும் நிலம் பின்னர் வளம் குன்றுகிறது. பண்டைய மலை வேளாண்மையில் ஓரிடத்தில் சில ஆண்டுகள் பயிரிட்டு, பின் அதைத் தரிசாக விட்டது இதன் பொருட்டே ஆகும்.

மேலும் இரு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, செம்மண்ணின் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாசுபேட்டை இறுகப் பிடித்துக்கொள்வதால் மண்ணில் பாசுபரம் இருந்தும் பயிருக்குக் கிடைப்பதில்லை. மற்றொன்று, மண்ணின் கார அமிலக் குறியீடு 5.5 க்கும் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்களுக்கு நஞ்சாகிறது. சமவெளிக் கரிசலில் இதற்கு மாறாக, சுண்ணாம்பு மிகுதியால் துத்தநாகமும் இரும்பும் கிடைப்பது குறைகிறது. ஆகவே, மலைக்கும் சமவெளிக்கும் ஒரே உரப் பரிந்துரை பொருந்தாது.

கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சேலம் வட்டார மலைகளில் ஏர் பூட்டி உழக்கூடிய நிலத்தை உழவுக்காடு என்றும், சரிவில் கொத்திப் பயிரிடும் நிலத்தைக் கொத்துக்காடு என்றும் பிரித்து வழங்கும் மரபு உண்டு. இது மண்ணின் ஆழத்தையும் சரிவையும் அடிப்படையாகக் கொண்ட வகைப்பாடாகவும் அமைகிறது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இங்குப் பழைய பயிர்கள். கடுக்காய் இம்மலையின் பெயர்பெற்ற வனப்பொருள். பிற்காலத்தில் மரவள்ளி பெருமளவில் பயிராகிறது. கிழங்கு ஆத்தூர், சேலம் பகுதிச் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. மரவள்ளி வளம் குறைந்த மண்ணிலும் விளையும் என்பது அதன் சிறப்பு. எனினும் ஒவ்வொரு அறுவடையும் கிழங்குடன் மிகுதியான பொட்டாசியத்தை நிலத்திலிருந்து எடுத்துச் செல்கிறது. அதைத் திரும்ப இடாவிடில் மண் மேலும் வறுமையடையும்.

மண்ணரிப்பு

கடினமான படிகப்பாறையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகலாம். அதே மண் ஒரு சில மழைக்காலங்களில் போய்விடக்கூடும். ஒரு எக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மண் கழுவப்படுவது கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் அதன் கன அளவு 10 கனமீட்டர்; எடை சுமார் 13 டன். அதிலும் முதலில் போவது மட்கும் நுண்களியும் நிறைந்த மேல்மண்ணே.

மரவள்ளி நட்ட முதல் மூன்று மாதங்களில் நிலம் முழுமையாக இலைகளால் மூடப்படுவதில்லை. அறுவடையின்போது கிழங்கைப் பிடுங்குவதால் மண் மீண்டும் கிளறப்படுகிறது. இவ்விரு காலங்களில் பெய்யும் கனமழை சரிவுகளில் மண்ணை மிகுதியாக அரிக்கும். அவ்வாறு வரும் வண்டல் கோமுகி போன்ற அணைகளில் படிந்து நீர்க் கொள்ளளவைக் குறைக்கக்கூடும். இதனால் மலையின் உழவர் மண்ணையும் சமவெளியின் உழவர் நீரையும் இழக்கின்றனர். சமவுயர வரப்பு, கற்களை அடுக்கிய வரப்பு, வெட்டிவேர் போன்ற புல் வரிசைகள், பயறுவகை ஊடுபயிர், பயிர்க்கழிவால் மூடாக்கு ஆகியவை இதைத் தடுக்கும் முறைகளாகும்.

நிலத்தடி நீர்

படிகப்பாறைகளில் நீர் தேங்குவதற்குரிய துளைகள் இல்லை. சிதைந்த மேற்படலத்திலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் உண்டு. நீர் எவ்வளவு காலம் பாறையுடன் தொடர்பில் உள்ளதோ, அவ்வளவு கனிமங்கள் அதில் கரைகின்றன. மலைச் சுனைகளின் நீர் பெரும்பாலும் மென்னீராகவும், சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் வன்னீராகவும் இருப்பதற்கு இதுவே அடிப்படை.

இவ்வகைப் பாறைகளில் கவனிக்கத்தக்க கூறு புளோரைடு. பயோட்டைட்டு, ஹார்ன்பிளெண்டு, அபட்டைட்டு ஆகிய கனிமங்களில் அது சிறிதளவு உள்ளது. நீரில் கால்சியம் இருக்கும்வரை புளோரைடு, கால்சியம் புளோரைடாகப் படிந்து கட்டுக்குள் இருக்கும். கால்சியம் சுக்கான்கல்லாகப் படிந்து குறைந்தபின், நீரில் புளோரைடின் அளவு உயரும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கலாம். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேற்பட்ட நீரை நெடுங்காலம் குடித்தால் பற்களில் கறையும், எலும்புகளில் விறைப்பும் ஏற்படும். தருமபுரி, சேலம், கிருட்டிணகிரி மாவட்டங்களில் இந்நோய் நன்கு அறியப்பட்டதாகும். நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது. எனவே, ஒவ்வொரு கிணற்று நீரையும் தனித்தனியே சோதித்தறிவதே முதற்படியாகும்.

கல்வியும் ஆய்வும்

மேற்கூறிய கேள்விகளை ஆராய மூன்று துறைகளின் பயிற்சி தேவைப்படுகிறது. களத்தில் பாறையை இனங்காண்பதும் நிலப்படம் வரைவதும் நிலவியல். பாறையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியிலும், களிமண்ணை எக்சு கதிர் விளிம்பு விலகல் முறையிலும் ஆராய்வது கனிமவியல். மண்ணின் கார அமிலத் தன்மை, ஊட்டங்கள், நச்சு உலோகங்கள் ஆகியவற்றை அளப்பது மண் வேதியியல். கனிமங்களுக்கும் நீர், மண், உயிர்கள் ஆகியவற்றுக்கும் இடையிலான வினைகளைச் சுற்றுச்சூழல் கனிமவியல் ஆராய்கிறது.

தமிழ்நாட்டில் சென்னை மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் முதலியவற்றில் நிலவியல் கற்பிக்கப்படுகிறது. மண்ணியல், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியலின் பகுதியாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கு 1909 இல் தொடங்கிய நிலையான உரமிடும் சோதனை, நூறாண்டுக்கும் மேலாக ஒரே நிலத்தில் மண்ணின் மாற்றங்களைப் பதிவு செய்து வருகிறது. இவ்வாறு நிலவியல் ஒரு வகைக் கல்லூரியிலும் மண்ணியல் வேறு வகைக் கல்லூரியிலும் பயிலப்படுவதால், பாறையை அறிந்தவர் பயிரையும், பயிரை அறிந்தவர் பாறையையும் பின்னர்த் தாமே கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. கல்வராயன் மலை போன்ற இடங்களில் இவ்விரு அறிவும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

கிழக்குத் தொடர்ச்சி மலை
சார்னோக்கைட்டு
செம்மண்
கரிசல் மண்
கோமுகி அணை
இந்திய நிலவியல் ஆய்வகம்